பதினைந்து வயதில் என் நெஞ்சின் மேல் வந்து உட்கார்ந்தது

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல நாள் தயங்கினேன். பேய் என்று வாயைத் திறந்தாலே ஒரு பக்கம் கேலி செய்வார்கள், இன்னொரு பக்கம் பயமுறுத்துவார்கள். இரண்டுக்கும் நடுவில் பேச இடமில்லாமல் வாயை மூடிக்கொண்ட பிள்ளையாக நான் இருந்திருக்கிறேன். அந்த வயதில் இப்படி ஏதாவது நடந்தவர்கள் உங்களுடையதையும் சொல்லுங்கள். ஒருவரை ஒருவர் கிண்டல் செய்ய வேண்டாம், அது மட்டும் என் வேண்டுகோள்.

பாட்டி இறந்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. அவர் இருந்த அறையை எனக்குக் கொடுத்தார்கள். பரீட்சை நேரம். இரவு இரண்டு மணி வரை படிப்பேன், மாலையில் வந்து அடித்துப்போட்டதுபோல் தூங்குவேன். தூக்கத்துக்கு ஒரு கணக்கே இல்லாமல் போயிருந்தது.

அதைவிட முக்கியமான ஒன்றை முதலில் சொல்ல வேண்டும். பல வருஷம் யாரிடமும் சொல்லாதது. பாட்டியின் கடைசி இரவில் அவர் என்னைக் கூப்பிட்டது எனக்குக் கேட்டது. தண்ணீர் கேட்கத்தான் இருக்கும், தினமும் அந்த நேரத்தில் கேட்பார். அன்றைக்கு எனக்கு அவ்வளவு அசதி. தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன். இரண்டாவது தடவையும் கூப்பிட்டார். மூன்றாவது தடவை கூப்பிடவில்லை. விடிந்தபோது பாட்டி இல்லை.

இப்போது அந்த இரவுக்கு வருகிறேன்.

மல்லாந்து படுத்திருந்தேன். விழிப்பு வந்தது. கண் நன்றாகத் திறந்திருந்தது. மின்விசிறி சுற்றுவது தெரிந்தது, மேசையில் நான் கவிழ்த்து வைத்த புத்தகம் தெரிந்தது. கதவு ஒரு சாண் அளவுக்குத் திறந்திருந்தது. நான் தாழ் போட்டுவிட்டுப் படுத்தது நன்றாக நினைவிருக்கிறது. புரண்டு படுக்கலாம் என்று பார்த்தால் உடம்பு அசையவில்லை. கை, கால், கழுத்து எதுவும் என் சொல் கேட்கவில்லை. அப்போதுதான் அந்தச் சத்தம். டொக். கொஞ்சம் இடைவெளி. டொக். பாட்டியின் கைத்தடி. கதவிலிருந்து கட்டில் வரை எத்தனை அடி என்று அந்தச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம், அவ்வளவு துல்லியம். கால்மாட்டில் மெத்தை அமுங்கியது. யாரோ உட்கார்ந்தால் அமுங்குமே, அப்படி. முதலில் முழங்காலில் கனம். பிறகு வயிறு. பிறகு நெஞ்சு. குனிந்து என் முகத்தைப் பார்க்கிறது, ஆனால் முகம் இருக்க வேண்டிய இடத்தில் இருட்டு மட்டும்தான். மூச்சை இழுத்து விட முடியவில்லை. அம்மா என்று கத்துகிறேன், மனசுக்குள்தான் கத்துகிறேன், உதடு பிரியவே இல்லை.

எவ்வளவு நேரம் என்று கேட்டால் எனக்கு ஒரு ராத்திரி முழுக்க. திடீரென்று கட்டு அறுந்ததுபோல் உடம்பு துள்ளியது. எழுந்து விளக்கைப் போட்டேன். கதவு தாழ் போட்டபடியே இருந்தது.

மறுநாள் வீட்டில் சொன்னேன். கனவு என்று ஒருவர் சொன்னார். படிப்புக்குச் சாக்கு என்று இன்னொருவர். ஒரு மாமா மட்டும் அமைதியாகக் கேட்டுவிட்டு, "பாட்டிக்கு ஏதோ ஆசை தீரலை போல, அதான் உன்னைச் சுத்துறாங்க" என்றார். என்னைத் தேற்றத்தான் சொன்னார். ஆனால் எனக்கு அது தீர்ப்பாகவே விழுந்தது. தீராத ஆசை என்ன என்று எனக்குத் தெரியுமே. ஒரு வாய் தண்ணீர். அன்றைக்கு நான் அசையாமல் படுத்திருந்தேன், இன்றைக்கு அசைய முடியாமல் படுத்திருக்கிறேன். எல்லாம் சரியாகப் பொருந்தியது.

அடுத்த இரண்டு வருஷத்தில் அது பதினைந்து இருபது தடவையாவது வந்தது. பயத்தில் விளக்கைப் போட்டுக்கொண்டு விடிய விடிய விழித்திருப்பேன். வகுப்பில் தூங்குவேன். தூக்கம் கெடக் கெட அது இன்னும் அடிக்கடி வந்தது. அந்தத் தொடர்பு அப்போது எனக்குப் புரியவில்லை.

பத்தொன்பதாவது வயதில் உடலியல் வகுப்பில் ஆசிரியர் தூக்கத்தைப் பற்றி நடத்திக்கொண்டிருந்தார். கனவு காணும் கட்டத்தில் மூளைத்தண்டு கை கால் தசைகளுக்குப் போகும் கட்டளையை நிறுத்தி வைக்கிறது. இல்லாவிட்டால் கனவில் ஓடும்போது நிஜத்திலும் எழுந்து ஓடுவோம். கண்ணை அசைக்கும் தசைகளும் மூச்சுவிடும் உதரவிதானமும் மட்டும் இதற்கு விலக்கு. சில நேரம் அந்தத் தடை விலகுவதற்கு முன்பே விழிப்பு வந்துவிடுகிறது. கண் அறையைப் பார்க்கும், உடம்பு இன்னும் கட்டுண்டு கிடக்கும், பாதிக் கனவு அறைக்குள் நடமாடும். பொதுவாகச் சில விநாடிகள், அதிகம் போனால் சில நிமிடங்கள். மூச்சு தானாக நடக்கும், ஆனால் நாமாக ஆழ்ந்து இழுக்கப் பார்த்தால் முடியாது. அதனால்தான் நெஞ்சில் கனம். ஸ்லீப் பராலிசிஸ், தூக்க முடக்கம் என்று கரும்பலகையில் எழுதினார். "நம்மில் அமுக்குவான் பேய்னு சொல்லுவாங்களே, அது" என்றார். வகுப்பில் மூன்று பேர் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அதில் ஒருத்தி நான்.

அதற்குப் பிறகு கண்ணில் பட்டதையெல்லாம் படித்தேன். அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் வெளியான ஒரு கட்டுரையில், வாழ்நாளில் ஒரு தடவையாவது இது நேர்ந்தவர்கள் பொதுமக்களில் 100க்குச் சுமார் 8 பேர், மாணவர்களில் 28 பேர் என்று இருந்தது. தூக்கம் கெட்டுக் கிடக்கும் வயது அல்லவா. ஜப்பானில் இதைக் கனாஷிபாரி, கட்டிப்போடுவது என்கிறார்கள். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் இதற்குப் பெயரே 'கிழவி'. ஒரு கிழவி வந்து நெஞ்சில் ஏறி உட்காருகிறாள் என்று அங்கே தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். அந்த வரியைப் படித்துவிட்டு நான் அழுதேன். என் பாட்டியை அறியாத மனிதர்கள், கடல் கடந்த ஒரு தீவில், அதே கனத்தைச் சுமந்திருக்கிறார்கள். என் நெஞ்சில் உட்கார்ந்தது என் பாட்டி இல்லை. நான்கு வருஷமாக நான் அவர் மேல் ஒரு பழியைப் போட்டு வைத்திருந்தேன்.

இன்னொன்றும் நடந்தது. அதே வருஷம், விடுமுறையில், பட்டப்பகலில். அந்த அறையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். முழு விழிப்பு. டொக் என்று ஒரே ஒரு தடவை கேட்டது. பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று முதுகுக்குத் தெரிந்தது. துளிகூடப் பயம் இல்லை. திரும்பிப் பார்க்கவில்லை. எழுந்து போய் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு எழுத்தைத் தொடர்ந்தேன்.

இதற்கும் ஆய்வு உண்டு. டெவி ரீஸ் என்ற மருத்துவர் வேல்ஸில் துணையை இழந்த 293 பேரைச் சந்தித்து 1971இல் எழுதினார். இறந்தவர் பக்கத்தில் இருப்பதாக உணர்ந்தவர்கள், குரல் கேட்டவர்கள், உருவம் கண்டவர்கள் எல்லாருமாகச் சேர்ந்து கிட்டத்தட்டப் பாதிப் பேர். நோயாளிகள் இல்லை, சாதாரணமாக வாழ்ந்துகொண்டிருந்தவர்கள். பெரும்பாலோர் அதுவரை யாரிடமும் வாய் திறக்கவில்லை, ஆனால் பலருக்கு அது ஆறுதலாக இருந்திருக்கிறது. அன்று வந்தது பாட்டியா, என் துக்கமா என்று கேட்காதீர்கள். தண்ணீர் வைத்தேன். அதற்கு மேல் பிரித்துப் பார்க்க எனக்கு மனமில்லை.

*

அக்கா, படிச்சிட்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். என்னுடையது வேற மாதிரி, ஆனால் இதைக் கண்டிப்பாகச் சொல்லியாகணும்.

எனக்குப் பதிமூன்று, தம்பிக்குப் பத்து. கடுங்குளிர் நேரம், ஜன்னல் எல்லாம் இறுக்கி மூடி, கேஸ் ஹீட்டர் ராத்திரி முழுக்க ஓடும். ஒரு வாரமாகத் தலை கனம், குமட்டல். ராத்திரியில் மாடிப்படியில் யாரோ ஏறி வருகிற சத்தம். ஒரு நாள் கட்டில் ஓரத்தில் ஒரு பெண் நின்றாள். புடைத்த கண்ணு, வாய் மட்டும் அசையுது, சத்தம் இல்லை. தம்பியை எழுப்பினேன். அவனும் அதே மூலையைப் பார்த்து அழுதான். ரெண்டு பேருக்கும் தெரிஞ்சா அப்புறம் எப்படி அது பொய்யாகும்? வீட்டில் ஏதோ இருக்குன்னு அப்பாவே நம்ப ஆரம்பிச்சிட்டார்.

மூணாவது நாள் காலையில் தம்பி மயங்கி விழுந்தான். டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "வீட்டில் எல்லாருக்குமே தலைவலி இருக்கா?" என்பதுதான். ஹீட்டரின் புகைக்குழாயில் பறவை கூடு கட்டி அடைத்திருந்தது. கார்பன் மோனாக்சைடு. நிறம் இல்லை, வாசனை இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைப் பிடிக்கும் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். மூளைக்கு ஆக்சிஜன் குறைஞ்சா சத்தம் கேட்கும், உருவமும் தெரியும். 1921லேயே வில்மர் என்ற அமெரிக்கக் கண் மருத்துவர், பேய் வீடு என்று தவித்த ஒரு குடும்பத்தின் கதையைப் பதிவு செய்திருக்கிறார். காலடிச் சத்தம், அறைக்குள் அந்நியர்கள், தலைவலி, வாடிப்போன செடிகள். பழுதான வெப்ப உலையைச் சரி செய்ததும் எல்லாம் நின்றுபோனது.

அந்தப் பெண்ணின் முகம் இன்னும் எனக்கு அப்படியே நினைவிருக்கு. ஆனால் அவளுக்குப் பயந்து நாங்க ஜன்னலை இன்னும் இறுக்கமாக மூடினோம் பாருங்க, அதை நினைச்சாத்தான் இப்பவும் கை நடுங்குது. தம்பி பிழைச்சது பெரிய விஷயம். வீட்டில் ஒரே நேரத்தில் பலருக்குத் தலைவலி, வெளியே போனா சரியாகுது, உள்ளே வந்தா திரும்ப வருதுன்னா, பேயா இல்லையான்னு அப்புறம் பேசிக்கலாம். முதலில் எல்லாரையும் வெளியே கூட்டிட்டு வந்துடுங்க.

*

நான் பார்த்தது கண்ணாடியில். பதினாலு வயசு, தோழிகளோட பந்தயம். விளக்கை அணைச்சிட்டு ஒரு மெழுகுவத்தி மட்டும் வெச்சு, கண்ணாடியில என் கண்ணையே இமைக்காம பார்க்கணும். கொஞ்ச நேரத்துல என் கன்னம் உருகற மாதிரி ஆச்சு, அப்புறம் வாய் காணாமப் போச்சு, அப்புறம் அங்க இருந்தது நான் இல்லை, வயசான யாரோ. அலறிட்டேன். ஒரு வருஷம் கண்ணாடி பார்க்காமலே தலை வாரினேன்.

2010இல் கபூட்டோ என்ற இத்தாலிய ஆய்வாளர் 50 பேரை மங்கிய வெளிச்சத்தில் பத்து நிமிஷம் இதையே செய்யச் சொல்லியிருக்கார். மூணில் ரெண்டு பங்குப் பேருக்குத் தங்கள் முகம் பயங்கரமா உருமாறித் தெரிஞ்சிருக்கு. ஒரே புள்ளியை அசையாம பார்த்தா சுத்தியிருக்கிறது மங்கி மறையும்ங்கிறது 1804லயே ட்ராக்ஸ்லர்ங்கிற சுவிஸ் மருத்துவர் எழுதி வெச்சது. மறைஞ்ச இடத்தை மூளை தன் கைவசம் இருக்கிறதை வெச்சு நிரப்பிடுது. இது தெரிஞ்சிருந்தா அந்த ஒரு வருஷம் எனக்கு மிஞ்சியிருக்கும். விளையாட்டாக்கூடப் பயந்த சுபாவம் உள்ள பிள்ளைங்களை இதுக்குள்ள இழுக்காதீங்க.

*

எல்லாரும் காரணம் கண்டுபிடித்தவர்களாக இருக்கிறீர்கள். எனக்குக் கிடைக்கவில்லை. சொல்லலாம் அல்லவா?

பதினாறு வயது. விடியற்காலை ஐந்து மணி இருக்கும். பல் துலக்கிவிட்டுக் கூடத்துக்கு வந்தேன். பெரியப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எப்போது வந்தீர்கள் பெரியப்பா என்று கேட்டேன். சிரித்தார். அம்மாவை எழுப்பி அழைத்து வந்தேன். நாற்காலி காலி. அரை மணி நேரத்தில் தொலைபேசி வந்தது. என்ன செய்தி என்று நான் எழுத வேண்டியதில்லை.

அரைத்தூக்கமாக இருந்திருக்கலாம் என்று நண்பர் ஒருவர் சொன்னார். பெரியப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் இருந்தது தெரியும், அந்தக் கவலை உருவமாக வந்திருக்கும் என்றார் இன்னொருவர். இருக்கலாம். மறுக்க என்னிடம் எதுவும் இல்லை. எனக்கு அந்தச் சிரிப்பு போதும். முப்பது வருஷமாக அதை வைத்திருக்கிறேன்.

*

ஐயா, உங்களுடையதற்கு நான் காரணம் தேட மாட்டேன். சொன்னதற்கு நன்றி.

*

எனக்கு இப்போ 16. எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியலை. அக்கா எழுதினது அப்படியே எனக்கு நடக்குது. ஆனா எனக்கு நெஞ்சுல உட்காராது. கதவுப் பக்கம் நிக்கும். உயரமா, கறுப்பா. கிட்ட வர மாதிரியே இருக்கும், ஆனா வராது. இந்த மாசம் மட்டும் அஞ்சு தடவை. காதுல இரைச்சல் கேட்கும், அப்புறம் உடம்பு கல்லாயிடும். வீட்டுல சொன்னா போனை வாங்கி வெச்சிருவாங்க, இல்லைன்னா எங்கயாவது கூட்டிட்டுப் போயி விபூதி மந்திரம்னு ஆரம்பிச்சிருவாங்க. எனக்குப் பைத்தியம் பிடிக்குதான்னு பயமா இருக்கு. அக்கா, செத்துப் போயிடுவோமா அதுல?

*

இல்லைம்மா. சாக மாட்டாய். பைத்தியமும் இல்லை. இதை நான் தைரியத்துக்காகச் சொல்லவில்லை, இருபது தடவை அதற்குள் கிடந்து எழுந்தவள் சொல்கிறேன்.

உன் மூச்சு நிற்காது. நீ இழுக்க முயலாதே, அது தானாகப் போய் வருவதை மட்டும் கவனி. எழ வேண்டும் என்று முழு உடம்போடும் மல்லுக்கட்டினால் பயம்தான் கூடும். ஒரு கால் கட்டைவிரல், அல்லது சுண்டுவிரல் நுனி, அதை மட்டும் அசைக்கப் பார். எனக்கு அதில்தான் கட்டு விடும். கண் அசையும் என்பதால் சில தடவை கண்ணை இடமும் வலமும் ஓட்டியும் வெளியே வந்திருக்கிறேன். அந்தக் காதிரைச்சல் எனக்கும் வந்தது, பலருக்கும் வருவதுதான். கதவோரம் நிற்கும் உருவமும் அப்படித்தான். அசைய முடியாத உடம்பு ஆபத்தில் இருப்பதாக நினைத்து மூளை காவல் காக்கிறது. காவல் காப்பவனுக்கு எல்லா நிழலும் திருடன்தான்.

மல்லாந்து படுக்காதே, ஒருக்களித்துப் படு. தினமும் ஒரே நேரத்தில் படுத்து ஒரே நேரத்தில் எழு, விடுமுறை நாளிலும். எனக்குப் பாதிக்கு மேல் குறைந்தது இந்த ஒன்றினால்தான். உன் வயதுக்கு எட்டு மணி நேரமாவது தூக்கம் வேண்டும். எவ்வளவு தூங்குகிறாய் என்று நீ எழுதவில்லை, எனக்குத் தெரிகிறது.

ஒன்றை மட்டும் கவனித்துக்கொள். பகலில் அடக்க முடியாத தூக்கம் வருகிறதா, வாய்விட்டுச் சிரிக்கும்போது முழங்கால் துவண்டு போகிறதா? அப்படி இருந்தால் தூக்கம் சார்ந்த வேறொரு நோயாக இருக்கலாம், மருத்துவரிடம் போக வேண்டும். அடிக்கடி வந்து உன்னை இப்படி வதைத்தாலும் போகலாம், அதில் வெட்கம் எதுவும் இல்லை.

அம்மாவிடம் சொல். நான் இதை எழுதுவதே அதற்காகத்தான். எனக்கு அமுக்கியதைவிட, நாலு வருஷம் தனியாகச் சுமந்ததுதான் பெரிய கனம். பேய் என்றும் சொல்ல வேண்டாம், நோய் என்றும் சொல்ல வேண்டாம். நடந்ததை நடந்தபடி சொல். முதல் தடவை அவர்கள் சரியாகக் கேட்காவிட்டால் இங்கே வந்து எழுது. என்ன சொல்லலாம் என்று சேர்ந்து யோசிப்போம்.

*

அக்கா, சொல்லிட்டேன்.

ராத்திரி பாத்திரம் கழுவிட்டு இருந்தாங்க. பக்கத்துல நின்னுட்டே சொன்னேன், முகத்தைப் பார்க்காம. அழுகை வந்துருச்சு. அவங்க குழாயை மூடிட்டு முழுசாக் கேட்டாங்க. ஒண்ணும் சொல்லலை. எத்தனை மணிக்குப் படுக்கிறேன்னு கேட்டாங்க. மூணு மணின்னு உண்மையைச் சொன்னேன். திட்டலை.

படுக்கப் போகும்போது தலையணையை எடுத்துட்டு என் ரூமுக்கு வந்தாங்க. அது எந்தப் பக்கம் நிக்கும்னு கேட்டாங்க. கதவுப் பக்கம்னு காமிச்சேன். அந்த இடத்துலயே போர்வையை விரிச்சுப் படுத்துக்கிட்டாங்க.